மூன்று பேருக்கு ஒரு சுக்கான்

அக்டோபர் 11, செவ்வாய்

இன்று என் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாலு விற்பனை. மாலையில் ஒரு மீன் வியாபாரி வந்தார். "எழுத்தெல்லாம் தெரியுதும்மா, மீன்தான் சின்னதாத் தெரியுது" என்றார். மீனே சின்னதாகத்தான் வருகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

கடையைப் பூட்டும் நேரத்தில் என் முன்னாள் கணவன் வில்ஃப்ரீதோவிடமிருந்து போன். எங்கள் படகை வாங்க ஆள் கிடைத்துவிட்டதாம். கார்த்தஹேனாவில் இருக்கிறார், ஓய்வுபெற்ற எலும்பு டாக்டர், பெயர் எவாரிஸ்தோ. இருபத்தொன்றாம் தேதி படகை அங்கே கொண்டுபோய்க் காட்டினால் மறுநாளே கையெழுத்து.

விவாகரத்தின்போது வீடு எனக்கு, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறை அவனுக்கு என்று ஒரே காலையில் பிரித்துக்கொண்டோம். நாய் தானாகவே முடிவெடுத்து அவன் வண்டியில் ஏறிவிட்டது. படகை மட்டும் பிரிக்க முடியவில்லை. முப்பத்தொரு அடி, ஒரு பாய்மரம், 'தெர்க்கா' என்று பெயர். பிடிவாதக்காரி என்று அர்த்தம். யாரை நினைத்து வைத்தான் என்று கேட்க வேண்டியதில்லை. நாலு வருஷமாக ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான் என்று போய்க் கழுவித் துடைத்துவிட்டு வருகிறோம். கடலுக்கு எடுத்துப் போனதில்லை. அவன் வேலையில் மூழ்கிவிட்டான். நானோ - தனியாக எடுத்துப் போக - சரி, அதை எழுத வேண்டாம்.

"வித்துடலாம்" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 14, வெள்ளி

எங்கள் ஊர் சாந்தா மார்த்தாவிலிருந்து கார்த்தஹேனாவுக்கு நூற்றுப்பத்து கடல் மைல். ஒரு பகல் கொஞ்சம், ஒரு இரவு முழுக்க. மூன்று பேர் வேண்டும். முன்பெல்லாம் மூன்றாவது ஆளாக வந்த நண்பன் ரூபியேலுக்கு வீட்டில் விசேஷம்.

வில்ஃப்ரீதோ போனில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனெய்தா, யமீலே வர்றேங்கிறா" என்றான்.

யமீலே அவன் மனைவி. இப்போதைய மனைவி.

அவளா? அந்தப் படகுலயா? என் சமையல் அடுப்பு இருக்கற இடத்துலயா? நான் தச்ச திரைச்சீலைக்குக் கீழ படுத்துத் தூங்குவாளா? கடலைக் கரையிலிருந்து பார்த்ததைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?

இதையெல்லாம் சொல்லவில்லை. "சரி" என்றேன். பிறகு பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். கப்பல் அல்ல, பஸ். இது இங்கே பதிவாகட்டும்.

அக்டோபர் 18, செவ்வாய்

படகுத்துறையில் மூன்று பேரும் சந்தித்தோம். யமீலேவை இதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முப்பத்தொன்பது வயது, பஸ் டிரைவருக்கே உரிய முன்கை, நகத்தில் ஆரஞ்சு சாயம். "வணக்கம் மேடம்" என்றாள். "வாங்க" என்றேன். வாங்க போங்க என்று பேசினால் தள்ளியே நிற்கலாம்.

சுக்கானைக் காட்டினேன். எங்கள் படகில் சக்கரம் கிடையாது, நீளமான மரப்பிடிதான். பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகும். புதிதாக வருகிற எல்லோரும் இதில் அரை நாள் தடுமாறுவார்கள். நானே ஒரு மாதம் தடுமாறினேன்.

அவள் இரண்டு நிமிஷம் பிடியை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தாள். "ட்ரெய்லர் வண்டிய ரிவர்ஸ் எடுக்கற மாதிரி. அவ்வளவுதானே மேடம்?"

அவ்வளவுதான். படகில் கழிந்த பதினெட்டு வருஷத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 20, வியாழன். மாலை நாலரை, கடலில்

பதினொரு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம். வடகிழக்கிலிருந்து இதமான காற்று, முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. வானம் சுத்தம். பாய் விரிந்து, எஞ்சின் நின்று, அந்த அமைதி வந்ததும் நான் சிரித்துவிட்டேன். வில்ஃப்ரீதோவும் சிரித்தான். நாலு வருஷமாக இதை ஏன் செய்யவில்லை என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

யமீலே மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மணிக்கு வாந்தி. இரண்டு மணிக்கு மறுபடி. காலையில் அவளே சமைத்துக் கொண்டுவந்த தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் டப்பாவில் அப்படியே இருக்க, நானும் வில்ஃப்ரீதோவும் கூச்சமில்லாமல் சாப்பிட்டோம். சோறு உதிரி உதிரியாக, தேங்காய்ப்பால் அடியில் லேசாகப் பிடித்து - நன்றாகச் சமைக்கிறாள். அதையும் பதிவு செய்கிறேன்.

மூன்று மணிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "இங்க வந்து உக்காருங்க. பிடிய வாங்கிக்கங்க. தூரத்துல அடிவானத்தப் பாருங்க, கீழ பாக்காதீங்க" என்றேன். கால் மணி நேரத்தில் கன்னத்தில் ரத்தம் வந்துவிட்டது. அரை மணியில் பேச ஆரம்பித்துவிட்டாள். முன்னால் ஒரு அலை குறுக்கே வந்தால், "வாடா வா, இண்டிகேட்டர் போடாம வர்றான் பாரு" என்கிறாள்.

படகு நேராகப் போகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த தடம் தண்ணீரில் கோடு போட்ட மாதிரி இருந்தது. என் தடம் எப்போதும் பாம்பு போனதுபோல இருக்கும்.

மாலை ஐந்தரை

சண்டை. பதினெட்டு வருஷமாக நடக்கிற அதே சண்டை.

இருட்டியபிறகு மக்தலேனா ஆறு கடலில் கலக்கிற இடத்தைத் தாண்ட வேண்டும். மழைக்காலம். ஆறு பாதி நாட்டைச் சுமந்துகொண்டு வந்து கடலில் கொட்டும்: மரக்கட்டை, ஆகாயத்தாமரை, ஒரு தடவை முழுசாக ஒரு கோழிக்கூண்டு. கரையிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளிப் போவோம் என்றேன். நாலு மைல் போதும், ரெண்டு மணி நேரம் மிச்சம் என்றான் வில்ஃப்ரீதோ.

"ரெண்டு மணி நேரத்த மிச்சம் பண்ணி என்ன செய்யப்போற?"

"தூங்குவேன்."

"கட்டையில மோதிட்டுத் தூங்குறதுக்கு நாலு மைல் சரிதான்."

"எத்தன வருஷமா நான் இந்த வழியில போறேன்..."

"எத்தன வருஷமா நான் கண்ண மூடிக்கிட்டு வர்றேன்!"

யமீலே சுக்கானைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வில்ஃப்ரீதோ அவள் பக்கம் திரும்பி, "சரி, மூணு பேர் இருக்கோம். ஓட்டுப் போடுவோம்" என்றான். மனைவி தன் பக்கம் நிற்பாள் என்ற தைரியம்.

"ராத்திரில லாரி நிக்கிற ரோட்டு ஓரமா எவன் ஓட்டுவான்?" என்றாள் யமீலே. "நான் மேடம் பக்கம்."

வில்ஃப்ரீதோ உள்ளே போய்க் காப்பி போட்டான். மூன்று கோப்பை கொண்டுவந்தான். கோபத்திலும் எனக்குச் சர்க்கரை போடாமல் கொண்டுவர மறக்கவில்லை.

இரவு 10:40

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். விவரம் பிறகு.

அக்டோபர் 21, வெள்ளி. மாலை, கார்த்தஹேனா

குளித்து, தூங்கி, எழுந்து, இப்போதுதான் உட்கார முடிந்தது. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு மைல் தள்ளித்தான் போனோம். ஆனாலும் எட்டு மணிக்கு மேல் கடலில் மண்வாசனை வந்தது. மழை பெய்த வயல் வாசனை. நிலா இல்லை. டார்ச் அடித்தால் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது, அதன்மேல் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு வெளியே அது வந்து நான் பார்த்ததில்லை. வில்ஃப்ரீதோ "நாலு மைல்ல போயிருந்தா..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டான்.

ஒன்பதரை இருக்கும். சுக்கானில் நான். அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம், பின்னால் ஏதோ உரசல், பிறகு பிடி என் கையில் கல் மாதிரி நின்றுவிட்டது. தள்ளினேன், இழுத்தேன். அசையவில்லை. படகு தானாகவே வட்டம் போட ஆரம்பித்தது.

பாய்க்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நின்று ஆடியது. வில்ஃப்ரீதோ டார்ச்சோடு பின்னால் குனிந்து பார்த்தான். சுக்கானுக்கும் படகின் அடிக்கும் நடுவே ஒரு மரக்கிளை, தொடை அளவு, நன்றாகச் செருகிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றி ஆகாயத்தாமரை கட்டுக் கட்டாக.

கொக்கிக்கழியை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தலைகீழாகத் தொங்கினான். யமீலே அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வெளிச்சம் காட்டினேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள், சாதாரணமாக, பஸ் நிறுத்தத்தில் நின்று சொல்வதுபோல: "மேடம், அங்க ஒருத்தன் பச்சை லைட்டு, சிவப்பு லைட்டு ரெண்டையும் காட்டிக்கிட்டு வர்றான். ரெண்டும் தெரிஞ்சா நம்ம மேல நேரா வர்றான்னுதானே நீங்க சொன்ன அர்த்தம்?"

திரும்பிப் பார்த்தேன். ஆற்றிலிருந்து வெளியே வருகிற சரக்குக் கப்பல். இரண்டு விளக்குக்கும் மேலே, உயரத்தில், வெள்ளை விளக்கு. ஆம். அதுதான் அர்த்தம்.

ரேடியோ உள்ளே இருக்கிறது. பதினெட்டு வருஷமும் ரேடியோவில் பேசியது வில்ஃப்ரீதோ. இப்போது அவன் தலை தண்ணீருக்கு ஒரு அடி மேலே. நான் போனேன். மைக்கைப் பிடித்தேன். குரல் வந்தது, கண்ணாடிக்கடையில் "இப்ப கடைசி வரியப் படிங்க" என்று சொல்கிற அதே குரல். நாங்கள் இருக்கும் இடம், சின்னப் பாய்மரப் படகு, சுக்கான் மாட்டிக்கொண்டிருக்கிறது, நகர முடியாது. இரண்டு தடவை சொன்னேன். பதில் இல்லை. மூன்றாவது தடவையும் சொன்னேன்.

ஒரு இளைஞனின் குரல், ஸ்பானிஷைக் கடன் வாங்கிப் பேசுகிற குரல்: "பார்த்துட்டேன் கேப்டன். வலது பக்கம் திரும்புறேன். அசையாம இருங்க."

அசையாமல் இருங்களாம்! வேறு என்ன செய்ய முடியும்?

மேலே ஓடி வந்தேன். பச்சை விளக்கு மெல்ல மெல்ல மறைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. ஒரு தெருவே நகர்ந்து போவதுபோல அந்தக் கப்பல் எங்களைக் கடந்தது. அதன் எஞ்சின் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. யமீலே ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்தபடியே இன்னொரு கையை உயர்த்தி அதற்கு நன்றி காட்டினாள் - வழிவிட்ட லாரிக்குக் காட்டுகிற மாதிரி. இருட்டில் யாருக்குத் தெரியும்! இருந்தாலும் காட்டினாள்.

கப்பல் எழுப்பிய அலை எங்களைத் தூக்கிப் போட்டபோது வில்ஃப்ரீதோ ஒரு இழுப்பு இழுத்தான். கிளை வந்துவிட்டது. அதோடு அவன் இடுப்பும் போய்விட்டது.

"எந்திரி வில்லி" என்றாள் யமீலே.

"முடியல."

"நிமிரு."

"முடியலன்னு சொல்றேன்ல! வளைஞ்சது வளைஞ்சபடியே நிக்குது!"

ஆபத்து தாண்டிய நிம்மதியோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. நாங்கள் சிரிக்கச் சிரிக்க அவன் திட்ட, திட்டத் திட்ட வலிக்க, வலிக்க வலிக்க இன்னும் திட்டினான். இரண்டு பேருமாக அவனைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி உள்ளே இறக்கினோம். படுக்கையில் ஏற்ற முடியவில்லை. தரையிலேயே, இரண்டு படுக்கைக்கும் நடுவில், மெத்தையை விரித்துப் படுக்கவைத்தோம். வலி மாத்திரை கொடுத்தேன். அதன்பிறகு அடுப்புக்குப் போவதென்றாலும் ரேடியோவுக்குப் போவதென்றாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

படகு சுக்கானுக்குக் கட்டுப்பட்டது. பாயை இழுத்துக் கட்டினேன். கார்த்தஹேனாவுக்கு இன்னும் ஐம்பது மைலுக்கு மேல். படகில் மாலுமி ஒருத்தி, பஸ் டிரைவர் ஒருத்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு கட்டளை போடும் ஆள் ஒருவன்.

"பாய் அடிச்சுக்குது! இன்னும் இழு!"

"இப்ப காம்பஸ்ல எத்தன பாகை? ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"எனெய்தா! இடது பக்கமாப் போற மாதிரி இருக்கு, எனக்கு முதுகுல தெரியுது!"

யமீலே குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்: "பயணிகள் டிரைவரோட பேசக் கூடாது. போர்டு போட்டிருக்கோம்ல."

அவன் அரை மணி நேரம் பேசவில்லை. அது ஒரு சாதனை.

ஒருத்தி ஓட்ட ஒருத்தி தூங்குவது என்று பேசிக்கொண்டோம். ஆனால் யாரும் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு மெல்லிசாக நிலா வந்தது. தண்ணீர் மறுபடி சுத்தமாகி, படகின் பின்னால் கடல் நுண்ணுயிர்களின் பச்சைப் பொறி பறந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டி சைலென்சர்ல தீப்பொறி வருது பாருங்க" என்றாள். பிறகு பின்பக்கம் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதல்முதலாக அதைப் பார்த்த இரவும் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு கேட்டாள். "ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது. ஏன் பிரிஞ்சீங்க?"

யாராவது பகலில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தட்டிவிட்டிருப்பேன்.

"அவன் கெட்டவன் இல்ல. எல்லாத்தையும் அவனே செஞ்சுடுவான். ரேடியோ, நங்கூரம், துறைமுகத்துக்குள்ள போறது, பல்பு மாத்தறது. நீ உக்காரு, நீ உக்காருன்னு. உக்காந்து உக்காந்து எனக்குக் கால் இருக்கறதே மறந்துபோச்சு."

அவள் தலையாட்டினாள். "எங்கிட்டயும் அப்படித்தான் ஆரம்பிச்சார். என் பஸ்ஸ ஒரு நாள் கழுவித் தர்றேன்னு சாவியக் கேட்டார். கைய ஒடிச்சுடுவேன்னுட்டேன்."

உள்ளேயிருந்து குரல்: "எனக்கு எல்லாம் கேக்குது."

"கேக்கட்டும்னுதான் பேசறோம்" என்றேன்.

அவன் மெதுவாக: "நான் உதவின்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும் வில்ஃப்ரீதோ" என்றேன். உண்மையிலேயே தெரியும். அதைச் சொல்ல நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

விடிந்து எட்டரைக்குக் கார்த்தஹேனாவின் உயரமான வெள்ளைக் கட்டடங்கள் தெரிந்தன. பின்னாலேயே கறுப்பாக ஒரு மழையும் வந்துகொண்டிருந்தது.

விரிகுடாவுக்குள் நுழைய இரண்டு வழி. பெரிய கப்பல்கள் போகிற வழி தெற்கே, சுற்றிப்போக இன்னும் இரண்டரை மணி நேரம். பக்கத்திலேயே அகலமாகத் திறந்துகிடக்கிற வாய் ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் குறுக்கே தண்ணீருக்கடியில் பழைய காலத்துக் கல்சுவர். அதில் ஒரே ஒரு இடத்தில் சின்னப் படகு போகிற அளவுக்குச் சந்து, இரண்டு பக்கமும் அடையாளக் கம்பம். வில்ஃப்ரீதோ எப்போதும் அந்தச் சந்து வழியாகத்தான் போவான், அதுவும் ஒரே மூச்சில். நான் அந்த நேரத்தில் முகப்பில் நின்று வேறு எங்கேயாவது பார்ப்பேன்.

"எனெய்தா," என்றான் தரையிலிருந்து. "பெரிய வழியாப் போயிடு. சந்து உனக்கு வேண்டாம்."

உனக்கு வேண்டாம்!

சந்துப் பக்கம் திருப்பினேன். எஞ்சினைப் போட்டு, பாயை இறக்கி, யமீலேவை முகப்புக்கு அனுப்பினேன். கம்பங்களைப் பார்த்து, படகு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அவள் கையை நீட்ட வேண்டும். இருநூறு மீட்டர் இருக்கும்போது மழை எங்களைப் பிடித்தது. பிடித்தது என்றால், யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி. ஒரு கம்பம் மறைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு யமீலேவே மறைந்தாள்.

போயிருக்கலாம். நேராகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவன் என்றால் போயிருப்பான். அவன் போய்க் காட்டியிருப்பான். எனக்கும் காட்ட வேண்டும்போல இருந்தது - எவ்வளவு காட்ட வேண்டும்போல இருந்தது என்பது எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும் தெரியட்டும்.

பிடியைத் தள்ளினேன். கடலைப் பார்த்துத் திருப்பினேன்.

"ஏன் திரும்புற? திரும்புதுல்ல? என்னாச்சு?"

"கம்பம் தெரியல. காத்திருக்கேன்."

"காத்திருக்கியா?"

"ஆமா."

அரை மணி நேரம் மழைக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தோம். யமீலே நனைந்த கோழி மாதிரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த தேங்காய்ச் சோற்றை இரண்டு பேரும் ஒரே கரண்டியால் மாறி மாறிச் சாப்பிட்டோம். மழைத்தண்ணீர் அதில் விழுந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. "அக்கா, இன்னொரு வாய் சாப்பிடுங்க" என்றாள். எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. "நீ சாப்பிடு" என்றேன். நானும் எப்போது நீ போட்டேனோ.

மழை விலகியது. இரண்டு கம்பமும் கழுவித் துடைத்த மாதிரி நின்றன. அவள் முகப்பில் நின்று கையை நீட்டினாள். இடது, இடது, நேர், நேர். இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர்மேல் சுழித்துக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் தட்டையாகிவிட்டது. உள்ளே வந்துவிட்டோம்.

யமீலே வாயாலேயே இரண்டு தடவை ஹாரன் அடித்தாள்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தச் சந்துல நான் ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்ல, எனெய்தா" என்றான். "ரெண்டு தடவை சுவர்ல உரசியிருக்கு. உங்கிட்ட சொன்னதில்ல."

நான் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நங்கூரம் போடப் போனேன்.

அக்டோபர் 22, சனி

டாக்டர் எவாரிஸ்தோவைப் பற்றி எழுத நேற்று தெம்பில்லை. நேற்று மதியமே வந்துவிட்டார். பனையோலைத் தொப்பி, கையில் டார்ச், படகின் உடம்பைத் தட்டிப்பார்க்க ஒரு சின்னச் சுத்தியல். எழுபது வயது, பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிற முகம். அங்கே தட்டினார், இங்கே தட்டினார். நின்று காது கொடுத்தார்.

"உள்ள ஏதோ முனகுதே. பம்ப்பா?"

"இல்ல டாக்டர்" என்றாள் யமீலே. "என் வீட்டுக்காரர்."

படகைப் பார்க்க வந்தவர் ஒரு மணி நேரம் வில்ஃப்ரீதோவின் இடுப்பைப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, தசைதான் பிடித்திருக்கிறது, மூன்று மாசம் படகுப் பக்கமே போகக் கூடாது. பிறகு படகையும் பார்த்தார். சுக்கானில் கிளை உரசிய தழும்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னோம். திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து, "நல்ல சுக்கான்" என்றார்.

இன்று கையெழுத்தானது. சாவியைக் கொடுத்தேன். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. துறை வாசலில் அரெப்பா, முட்டை வைத்துப் பொரித்த சோள அடை, இரண்டு சாப்பிட்டேன், சூட்டில் நாக்கு பொத்துப்போனது.

வில்ஃப்ரீதோ கார்த்தஹேனாவிலேயே அவன் தங்கை வீட்டில் படுத்திருக்கிறான். நானும் யமீலேவும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நாலு மணி நேரமும் அவள் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். "பாருங்கக்கா, பிரேக்க எப்படிப் போடறான்." கடைசி ஒரு மணி நேரம் நானும் சேர்ந்துகொண்டேன்.

அக்டோபர் 30, ஞாயிறு

படகைக் கழுவப் போக வேண்டிய வாரம். போக இடமில்லை. ஜன்னலைக் கழுவினேன்.

நவம்பர் 9, புதன்

டாக்டர் எவாரிஸ்தோ போன் செய்தார். படகை வாங்கிவிட்டாராம், இப்போது அது அவரைப் பார்த்துச் சிரிக்கிறதாம். துறையை விட்டு வெளியே கொண்டுபோகவே பயமாக இருக்கிறது. அவரும் அவர் மனைவியும் ஃபுயெர்த்தே தீவுக்குப் போக வேண்டும், ஒரு இரவுப் பயணம், யாராவது கூட வந்து ஓட்டிக் கற்றுக்கொடுத்தால் தேவலை. "உங்க முன்னாள் கணவர நான்தான் வரக் கூடாதுன்னுட்டேன். நீங்க வருவீங்களா? அந்த பஸ் ஓட்டற அம்மாவும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இருபதாம் தேதிக்கு மேல காத்து நல்லா இருக்கும்" என்று வந்தது.

பத்து நிமிஷத்தில் கடை வாசலில் ஹாரன். யமீலேவுக்கும் போன் போயிருக்கிறது. பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டி, "போறோமா அக்கா?" என்று கத்துகிறாள். பஸ் நிறையப் பயணிகள். முன் இருக்கையில் ஒரு பெரியவர், "சீக்கிரம் சொல்லும்மா, எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்றார்.

போகிறோம் என்றேன். பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

நவம்பர் 26, சனி. கார்த்தஹேனா

புறப்படுமுன் துறை அலுவலகத்தில் படிவம் நிரப்பச் சொன்னார்கள். கேப்டன் என்ற இடத்தில் என் பெயர். எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பிறகு ஆளுக்கொரு தாள்: ஆபத்து நேரத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் என்ன உறவு. நானும் யமீலேவும் மேஜையின் இரண்டு முனையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம்.

குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே பேர், ஒரே நம்பர். இதுல கணவர்னு இருக்கு, இதுல முன்னாள் கணவர்னு இருக்கு. யாரோ ஒருத்தர் மாத்தி எழுதிட்டீங்களாம்மா?"

நான் யமீலேவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் சரிதான் சார்" என்றாள். "கரையில இருக்கறது அவர் ஒருத்தர்தான்."

குமாஸ்தா எங்கள் முகங்களை இன்னொரு முறை பார்த்தார். இரண்டு தாளிலும் முத்திரை குத்தினார்.

பதினொன்றேகாலுக்குக் கயிற்றை அவிழ்த்தோம்.